தமிழ்வழியில் படித்தவர்கள் ஐயெல்ட்ஸ் வாசிப்புத் தேர்வுக்கும் இலக்கணத்துக்கும் எப்படித் தயாராவது?

கேள்வி: பெரியாற்றங்கரைச் செவிலி (வண்டிப்பெரியாறு)

அனைவருக்கும் வணக்கம். நான் இடுக்கி மாவட்டத்தில் வண்டிப்பெரியாற்றுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவள். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியிலும், அதன்பின் பிளஸ் டூவும் பி.எஸ்சி. நர்சிங்கும் ஆங்கிலவழியிலும் படித்தேன். இப்போது மூன்று ஆண்டுகளாக ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டுப் பணியில் இருக்கிறேன். பிரிட்டனில் செவிலியராகப் பதிவுசெய்ய விரும்புகிறேன். அதற்கு ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் அகாடமிக் வகையில் வாசிப்பு, கேட்டல், பேச்சு ஆகியவற்றில் 7, எழுத்தில் 6.5 வேண்டும்.

கேட்டலும் பேச்சும் ஓரளவு கைவந்துவிட்டன. வாசிப்புதான் என்னை நிறுத்தி வைத்திருக்கிறது. கடைசியாக எழுதிய மூன்று மாதிரித் தேர்வுகளில் 40க்கு 22, 24, 21 என்றுதான் வந்தது. 7 பெற ஏறத்தாழ 30 சரியாக வேண்டும் என்கிறார்கள்.

நான் செல்லும் பயிற்சி மையத்தில் முதல் இரண்டு மாதங்களும் ஆங்கில வினையின் பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். கோடிட்ட இடங்களை நிரப்பும் இலக்கணத் தாளில் எனக்கு 100க்கு 80க்குக் குறையாமல் வருகிறது. ஆனால் வாசிப்பு மதிப்பெண் அசைவதே இல்லை. நீண்ட வாக்கியம் ஒன்றின் முடிவுக்கு வரும்போது அதன் தொடக்கம் மனத்திலிருந்து நழுவிவிடுகிறது. 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' (சரி, தவறு, சொல்லப்படவில்லை) என்ற வினா வகையில் பின் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் ஏறக்குறைய ஊகித்தே எழுதுகிறேன்.

உண்மையான தேர்வில் இலக்கணத்துக்குத் தனிப் பகுதி உண்டா? இல்லையென்றால், வாசிப்புக்குப் பயன்படும்படி இலக்கணத்தைப் படிப்பது எப்படி? என்னுடன் பணிபுரியும் ஒரு சேச்சி (மலையாளத்தில் அக்கா), "ஐயெல்ட்ஸை விட்டுவிட்டு ஓ.இ.டி. எழுது, நமக்குத் தெரிந்த விஷயம்தானே வரும்" என்கிறார்; ஓ.இ.டி. என்பது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. அது சரியா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பணிமுறை மாறி மாறி வருவதால் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் என்னால் ஒதுக்க முடியாது.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் (கொழிஞ்சாம்பாறை)

அம்மா, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதற் கேள்விக்கு விடை எளிது. ஐயெல்ட்ஸ் தேர்வில் இலக்கணத்துக்கென்று தனிப் பகுதி கிடையாது. எழுத்துக்கும் பேச்சுக்கும் மதிப்பெண் இடும்போது பார்க்கும் நான்கு அளவுகோல்களில் இலக்கணமும் ஒன்று. நான்குக்கும் சம மதிப்பு. ஓ.இ.டி. தேர்விலும் தனித்தாள் இல்லை. இலக்கணத்தை நேரடியாகச் சோதிக்கும் தேர்வுகள் வேறு. கல்லூரிகளும் நிறுவனங்களும் நடத்தும் டோஃபல் ஐ.டி.பி.யில் 25 நிமிடங்களில் 40 வினாக்கள் கொண்ட ஒரு பகுதி அதற்காகவே உண்டு. கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் தேர்வில் வாசிப்பும் மொழிப் பயன்பாடும் ஒரே தாளாக, 75 நிமிடங்களில் 52 வினாக்களாக வரும். பல பயிற்சி மையங்கள் எல்லாத் தேர்வுகளுக்கும் ஒரே பாடக் கட்டை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்துவதால், உங்களுக்குத் தேவையில்லாத தாளில் 80 வாங்கப் பழக்கிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இலக்கணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடிட்ட இடத்தை நிரப்பும்போது ஒரு சொல்லின் வடிவத்தை மட்டும்தான் பார்க்கிறோம். வாசிப்பில் கேட்கப்படுவது வேறு: யார், யாரை, என்ன செய்தார், எந்த நிபந்தனையில் செய்தார் என்பது. இதற்கு வேண்டிய இலக்கணம் மிகச் சிறியது; அதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

உங்கள் தொழிலிலிருந்தே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'தி பேஷன்ட்ஸ் ட்ரீட்டட் அட் ஹோம் ரிக்கவர்ட் ஃபாஸ்டர்.' வேகமாகப் படிக்கும் தமிழ்வழி மாணவர் 'ட்ரீட்டட்' என்ற சொல்லைக் கண்டதும் வினைமுற்று வந்துவிட்டது என்று எண்ணி, நோயாளிகள் யாருக்கோ சிகிச்சை அளித்தார்கள் என்று பொருள் கொள்வார். பிறகு 'ரிக்கவர்ட்' வந்ததும் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து படிப்பார். நீங்கள் சொல்லும் 'நழுவல்' பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. இது நினைவாற்றல் குறைபாடு அன்று.

இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'வீட்டில் சிகிச்சை பெற்ற நோயாளிகள் விரைவாகக் குணமடைந்தார்கள்.' 'பெற்ற' என்பது பெயரெச்சம், 'குணமடைந்தார்கள்' என்பது வினைமுற்று. ஏழாம் வகுப்புப் பிள்ளைகூட இரண்டையும் குழப்பிக்கொள்ளாது, ஏனென்றால் தமிழில் வடிவமே வேறு. ஆங்கிலத்தில் 'ட்ரீட்டட்' என்ற ஒரே வடிவம் பெயரெச்சம்போலவும் வரும், முற்றாகவும் வரும். மேலும், தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும். ஆங்கிலத்தில் இத்தகைய தொடர் பெயருக்குப் பின்னால் தொங்கும். ஆகவே எழுவாய்க்கும் அதன் முற்றுக்கும் இடையில் எட்டு, பத்து சொற்கள் புகுந்துகொள்கின்றன. நீண்ட வாக்கியத்தைக் கண்டால் முதலில் முற்றைத் தேடுங்கள். பிறகு அந்த முற்றுக்கு உரிய எழுவாயைத் தேடுங்கள். இடையில் இருப்பது பெயரைப் பற்றிய விவரம்தான். நாளொன்றுக்கு ஐந்து வாக்கியங்களில் எழுவாயின் கீழ் ஒரு கோடும் முற்றின் கீழ் இரண்டு கோடும் இட்டுப் பழகினால், நான்கைந்து வாரங்களில் கண் தானாக அங்கே போகும்.

இங்கே ஒரு சிறு விலகல். மலையாளத்தில் 'அவன் போகுன்னு, அவர் போகுன்னு' என்று முற்று மாறுவதே இல்லை. நமக்குப் 'போகிறான், போகிறார்கள்' என்று மாறும். எழுவாயும் முற்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்ற உணர்வு தமிழருக்குப் பிறவியிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் என் வகுப்பில் மலையாளப் பிள்ளைகளைவிடத் தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கில வினையின் இறுதி 'எஸ்'ஸைக் குறைவாக விட்டார்கள் என்று சொல்ல முடியவில்லை. தாய்மொழி இலக்கணத்தையும் ஆங்கில இலக்கணத்தையும் இருவேறு அறைகளில் பூட்டி வைப்பதன் விளைவு அது.

இப்போது 'ஃபால்ஸ்', 'நாட் கிவன்' சிக்கல். இதற்கான சாவி உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. எழுத்துத் தமிழில் 'அல்ல' என்றும் 'இல்லை' என்றும் இரண்டு உண்டு. 'இது பால் அல்ல' என்றால் இது வேறு ஏதோ ஒன்று. 'இங்கே பால் இல்லை' என்றால் பாலே கிடையாது. பேச்சுத் தமிழ் இரண்டையும் 'இல்லை' என்ற ஒன்றில் போட்டுவிட்டது. ஆனால் நீங்கள் அன்றாடம் கேட்கும் மலையாளத்தில் 'அல்ல'வும் 'இல்ல'வும் இன்றும் தனித்தனியாக வாழ்கின்றன. பேருந்து நிலையத்தில் நிற்கும் குழந்தைகூட அவற்றை மாற்றிச் சொல்லாது. வினாவில் உள்ள கூற்றைப் படித்துவிட்டுப் பனுவலை, அதாவது வாசிக்கத் தந்த பகுதியை, பாருங்கள். பனுவல் 'அப்படி அல்ல, இப்படி' என்று சொன்னால் 'ஃபால்ஸ்'. பனுவலில் அதைப் பற்றிய பேச்சே இல்லை என்றால் 'நாட் கிவன்'.

உங்கள் ஊர்ச் செய்தியையே பனுவலாக வைத்துக் காட்டுகிறேன்: 'முல்லைப்பெரியாறு அணை 1895ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்றின் நீரை, மலையைக் குடைந்து அமைத்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்புவதே அதன் நோக்கம்.'

முதற் கூற்று: 'அணையின் நோக்கம் மேற்கிலுள்ள நிலங்களுக்குப் பாசனம் அளிப்பது.' பனுவல் கிழக்கு என்கிறது. மேற்கு அல்ல, ஆகவே 'ஃபால்ஸ்'.

இரண்டாம் கூற்று: 'அணை கட்டும்போது தொழிலாளர் பலர் நோயால் இறந்தனர்.' இது வரலாற்று உண்மை. காட்டுக் காய்ச்சலில் எத்தனையோ உயிர்கள் போயின என்பதைக் குமுளிப் பக்கம் அறியாதவர் இல்லை. ஆனால் மேலே உள்ள இரண்டு வாக்கியங்களில் அந்தச் செய்தி இல்லை. ஆகவே 'நாட் கிவன்'. உங்களுக்குத் தெரிந்த உண்மையைக் கொண்டு 'ட்ரூ' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். நன்றாகப் படித்தவர்கள் விழும் குழி இது.

இணைப்புச் சொற்களையும் இவ்வாறே தமிழோடு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'ஆல்தோ' என்பது 'பெய்தாலும், இருந்தாலும்' என்பதில் வரும் 'ஆலும்'. நமக்கு அது தொடரின் கடைசியில் வரும். அவர்களுக்கு முதலில் வந்துவிடும். ஆசிரியர் தம் முதன்மைக் கருத்தைப் பெரும்பாலும் அந்தத் தொடரில் வைக்கமாட்டார். அதோடு வரும் மற்றத் தொடரில்தான் வைப்பார். 'அன்லெஸ்' என்பதற்கு 'சொன்னாலொழிய' என்பதில் வரும் 'ஒழிய' கச்சிதமாகப் பொருந்தும். 'மே', 'மைட்' போன்றவை நம் 'கூடும்'. பனுவல் 'குறையக்கூடும்' என்றிருக்க, வினா 'குறையும்' என்று உறுதியாகச் சொன்னால் அங்கேதான் கண்ணி வைத்திருக்கிறார்கள்.

பதில் 2: மூணாற்றுச் செவிலி (இப்போது மான்செஸ்டர்)

தங்கைக்கு வணக்கம். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். ஐயெல்ட்ஸை இருமுறை எழுதித் தேறினேன். முதல் முறை வாசிப்பில் 6.5, இரண்டாம் முறை 7.5. ஆசிரியர் ஐயா சொன்ன 'அல்ல, இல்லை' வழியை அன்றே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு தேர்வுக் கட்டணம் மிச்சமாகியிருக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் அவரோடு மாறுபடுகிறேன், ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் வழியாகப் புரிந்துகொள்வது வீட்டில் படிக்கும்போது நல்லது. தேர்வறையில் அதைச் செய்துகொண்டிருந்தால் மூன்றாம் பனுவலை எட்டவே முடியாது. 60 நிமிடங்களில் மூன்று பனுவல்கள், 40 வினாக்கள். மூன்று பனுவல்களும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள் வரை இருக்கும். கேட்டல் பகுதியில் காகிதத் தேர்வு எழுதுவோருக்கு விடைகளைப் பெயர்த்தெழுதக் கூடுதல் நேரம் தருவார்கள். வாசிப்பில் அது கிடையாது. ஆகவே ஒரு கட்டத்தில் தமிழை ஊன்றுகோல்போல் கீழே வைத்துவிட வேண்டும். நான் முதல் ஆறு வாரம் கடிகாரம் இல்லாமல் ஐயா சொன்னதுபோலக் கோடிட்டுப் படித்தேன். அடுத்த ஆறு வாரம் கடிகாரத்தோடு மட்டுமே படித்தேன். முதற் பனுவலுக்கு 15, இரண்டாவதற்கு 20, மூன்றாவதற்கு 25 நிமிடம் என்று பிரித்துக்கொண்டேன். மூன்றும் சம எடை உள்ளவை என்று எண்ணித் தலைக்கு இருபது என்று பங்கிட்டதுதான் முதல் முறை நான் செய்த தவறு.

'ட்ரூ, ஃபால்ஸ்' வகை வினாக்களுக்கான விடைகள் பனுவலில் அதே வரிசையில்தான் வரும். மூன்றாம் வினாவுக்கும் ஐந்தாம் வினாவுக்கும் விடை கிடைத்து, நான்காவதற்குக் கிடைக்கவில்லை என்றால், அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் மட்டும் ஒருமுறை தேடிவிட்டு 'நாட் கிவன்' என்று எழுதிவிட்டு நகருங்கள். எந்தச் செய்தி எந்தப் பத்தியில் இருக்கிறது என்று பொருத்தும் வினாவில் இந்த வரிசை இராது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எனவே எந்த இடத்தையும் வெறுமையாக விடாதீர்கள்.

இலக்கணம் வாசிப்பில் நேரடியாக மதிப்பெண் தரும் இடம் ஒன்று உண்டு. சுருக்கத்தை நிரப்பும் வினாவில், வெற்றிடத்துக்கு முன்னால் 'ஏ, ஆன்' என்ற இணையில் வரும் 'ஆன்' இருந்தால் விடை உயிரொலியில் தொடங்கும் ஒருமைப் பெயர். 'மெனி' இருந்தால் பன்மை. 'மச்' இருந்தால் எண்ண முடியாத பொருள். பனுவலில் தேடுவதற்கு முன்பே விடையின் உருவம் தெரிந்துவிடும். எழுத்துப் பிழைக்கும், பன்மை விகுதியை விட்டதற்கும் மதிப்பெண் கிடையாது. நாம் பேச்சில் 'ரெண்டு மாத்திரை, பத்து தேங்காய்' என்று எண்ணைச் சொல்லிவிட்டால் பன்மையை விட்டுவிடுகிறோம் அல்லவா? அந்தப் பழக்கம் என் முதல் தேர்வில் புகுந்துகொண்டது. வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து சரிபார்த்தபோது, விடை தெரிந்தும் 'எஸ்' போடாமல் வந்தவை இரண்டு இருந்தன.

ஓ.இ.டி. பற்றி உங்கள் சேச்சி சொன்னது பாதி உண்மை. அதில் எல்லாப் பனுவல்களும் மருத்துவம், நலவாழ்வு சார்ந்தவைதான். எரிமலை, தொல்லியல் எல்லாம் வராது. பதிவுக்கு வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் பி தரமும், எழுத்தில் சி பிளஸ் தரமும் வேண்டும். வாசிப்பில் ஏ பகுதி 15 நிமிடம்தான்: ஒரே நோய் அல்லது சிகிச்சை பற்றிய நான்கு சிறு குறிப்புகள், 20 வினாக்கள். மருந்தின் அளவு அட்டவணையில் எண்ணைத் தேடி எடுப்பது வார்டில் நாம் நாள்தோறும் செய்வது என்பதால் செவிலியருக்கு அது கை வந்த கலை. ஆனால் 15 நிமிடம் முடிந்ததும் அந்தப் பகுதிக்குத் திரும்பவே முடியாது. மீதி 45 நிமிடத்தில் பி, சி பகுதிகள். சி பகுதியில் நீண்ட கட்டுரைகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் எட்டு வினாக்கள், ஒவ்வொரு வினாவுக்கும் தேர்ந்தெடுக்க நான்கு விடைகள். அங்கே ஆசிரியரின் மனப்போக்கு என்ன, இந்தப் பத்தியில் வரும் 'திஸ்' எதைக் குறிக்கிறது என்றெல்லாம் கேட்பார்கள். மருத்துவம் தெரிந்திருப்பது அங்கே பெரிதாக உதவாது. வாக்கியத்தைப் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 22 வாங்குபவர் தேர்வை மாற்றினால் மட்டும் தப்பிவிடுவார் என்று நான் நம்பவில்லை. முதலில் வாசிப்பைச் சரிசெய்துவிட்டு, பிறகு இரண்டின் இலவச மாதிரித் தாள்களையும் ஒவ்வொரு முறை எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பதில் 3: நகரிக்காரன் (ஆந்திரச் சித்தூர்ப் பக்கம்)

ஆசிரியர் ஐயாவின் பாலக்காட்டிலும் ஒரு சித்தூர், ஆந்திரத்திலும் ஒரு சித்தூர், இரண்டிலும் தமிழ் பேசுவோர்; எனவே நானும் எல்லைக்காரன் என்ற முறையில் ஒரே ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அக்கா, நீங்கள் எழுதும் மாதிரித் தாள்கள் அகாடமிக் வகைதானா என்று முதலில் பாருங்கள். நான் வேலை நிமித்தம் கனடா செல்வதற்காக ஐயெல்ட்ஸின் மற்றொரு வகையான ஜெனரல் ட்ரெய்னிங் எழுத வேண்டியவன். நண்பர் ஒருவர் கொடுத்த அகாடமிக் தாள்களை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் அல்லாடினேன். இரண்டுக்கும் வாசிப்புத் தாள் வேறு, மதிப்பெண் அட்டவணையும் வேறு. அகாடமிக்கில் ஏறத்தாழ 30 சரியானால் 7. ஜெனரல் ட்ரெய்னிங்கில் அதே 30க்கு 6தான், 7 வேண்டுமானால் 34 அளவில் வர வேண்டும். தாளுக்குத் தாள் இது சற்று மாறும். இணையத்தில் கிடைக்கும் தாள்களில் வினாவே பிழையாக இருப்பதும் உண்டு. விடை 'நாட் கிவன்' என்று போட்டிருப்பார்கள், பனுவலிலோ தெளிவாக எழுதியிருக்கும். அதைப் பார்த்து நம் மூளைதான் கோளாறு என்று நினைத்துக்கொள்வோம். தேர்வு நடத்துவோரே வெளியிடும் பழைய தாள்களைத் தவிர வேறெதிலும் 'ட்ரூ, ஃபால்ஸ்' பழகாதீர்கள்.

மறுமொழி: பெரியாற்றங்கரைச் செவிலி

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நகரித் தம்பிக்கும் மிக்க நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

கடந்த ஞாயிறு விடுமுறை. லயத்தில் சத்தமாக இருக்கும் என்பதால், எங்கள் ஊர் வாசகசாலையில் அமர்ந்து அகாடமிக் தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதினேன். 23 வந்தது. மதிப்பெண்ணைப் பார்த்து மனம் சோர்ந்தாலும், இம்முறை 17 தவறுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காரணம் எழுதினேன். ஏழு தவறுகள் 'ட்ரூ', 'ஃபால்ஸ்', 'நாட் கிவன்' குழப்பத்தால் வந்தவை. நான்கு, விடை கண்டுபிடித்தும் எழுதியதில் வந்த பிழைகள். மூன்று, நேரம் போதாமல் ஏதோ ஓர் எழுத்தைப் போட்டவை. மூன்றே மூன்றுதான் சொல்லுக்குப் பொருள் தெரியாததால் தவறியவை. இதுவரை எனக்குச் சொல்வளம் போதவில்லை என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எழுதியதில் வந்த பிழைகளில் ஒன்று என்னையே சிரிக்க வைத்தது. 'இரண்டு சொற்களுக்கு மிகாமல்' என்று கேட்டிருந்தார்கள். நான் 'தி ஸ்டீம் இன்ஜின்' என்று எழுதியிருந்தேன். 'தி'யும் ஒரு சொல்தானே, மூன்றாகிவிட்டது. இலக்கண வகுப்பில் 'தி' விடாதே, விடாதே என்று அடித்துச் சொன்னதை இங்கே பக்தியோடு கடைப்பிடித்திருக்கிறேன்!

'அல்ல, இல்லை' முறையில் அந்த ஏழு வினாக்களையும் கடிகாரம் இல்லாமல் மறுபடி பார்த்தேன். ஐந்து சரியாக வந்தன. வராத இரண்டில் ஒன்றில், பனுவல் 'பெரும்பாலான விவசாயிகள்' என்றது, வினா 'விவசாயிகள் அனைவரும்' என்றது. நான் அதைக் கவனிக்காமல் 'ட்ரூ' என்று போட்டிருந்தேன். இன்னொன்று இன்னும் விளங்கவில்லை. பனுவலில் ஒரு நோய்க்கு இரண்டு காரணங்களைச் சொல்லியிருந்தார்கள். வினா, 'முதற் காரணமே இரண்டாவதைவிட முக்கியமானது' என்றிருந்தது. நான் 'ஃபால்ஸ்' என்றேன். விடை 'நாட் கிவன்'. ஏன்?

ஓ.இ.டி.யை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். மற்றுமொரு கேள்வி: தெரியாத சொற்களை எப்படிக் குறித்து வைப்பது? பயிற்சி மையத்தில் ஒரு நாளைக்கு ஐம்பது சொல் வீதம் பட்டியல் தருகிறார்கள், மறுநாளே மறந்துவிடுகிறது.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

அம்மா, தவறுகளைக் காரணம்வாரியாகப் பிரித்தீர்களே, என் மாணவர்கள் பலர் நான் சொல்லியும் செய்யாத வேலை அது. மூணாற்று அம்மா சொன்ன திருத்தத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். நான் கடிகாரமில்லாத வகுப்பறையில் வாழ்ந்தவன்.

உங்கள் ஐயத்துக்கு விடை: பனுவல் இரண்டு காரணங்களையும் சொல்லியிருக்கிறது, ஆனால் எது பெரியது என்று எடைபோடவில்லை. 'முதலாவது முக்கியம் அல்ல' என்றும் சொல்லவில்லை. இரண்டும் சமம் என்றோ, இரண்டாவதே முக்கியம் என்றோ எழுதியிருந்தால் மட்டுமே 'ஃபால்ஸ்'. ஒப்பீடே அங்கே இல்லை. வினாவில் 'விட', 'மிக', 'ஒன்லி', 'ஆல்' போன்ற சொல் ஏதேனும் இருந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பனுவலில் அந்த வட்டத்துக்கு விடை தேடுங்கள், மற்றதற்கு வேண்டாம்.

சொற்களைப் பொறுத்தவரை, ஐம்பது சொல் பட்டியலை அந்த மையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒரு நோட்டில் பக்கத்தை இரண்டாக மடித்து, இடப்பக்கம் பனுவலில் வந்த சொல்லையும், வலப்பக்கம் அதே கருத்துக்கு வினாவில் வந்த சொல்லையும் எழுதுங்கள். வினா அமைப்பவர் பனுவலின் சொல்லை அப்படியே திரும்பச் சொல்லமாட்டார். பனுவலில் 'ஷார்டேஜ்' என்றால் வினாவில் 'நாட் இனஃப்' என்பார். பனுவலில் 'சில்ரன் அண்டர் ஃபைவ்' என்றால் வினாவில் 'வெரி யங் சில்ரன்' என்பார். ஒரு தாளுக்குப் பதினைந்து இணை கிடைக்கும். வெறும் பட்டியல்போல மறக்காது, ஏனென்றால் ஒவ்வோர் இணையோடும் நீங்கள் பெற்ற அல்லது இழந்த ஒரு மதிப்பெண் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்த தாளை எழுதியதும், அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து இங்கே இடுங்கள். இணைகள் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.